அட்டைக்குப் பின்னால்

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டையின் ஓரத்தில் ஒரு கண் தெரிந்தது. அதைத்தான் முதலில் எழுதத் தோன்றுகிறது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் மழலையர் பள்ளியில் மிஸ் பிரசவத்துக்குப் போய்விட்டார். வேறு மிஸ் கிடைக்கும்வரை தினமும் காலையில் அரைமணி நேரம் ஆங்கில வார்த்தை அட்டைகளை நான்தான் காட்ட வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். "பெருக்குற சாக்குல தினம் வாசல்ல நின்னு கேட்டுட்டுதானே இருக்கே? படத்தக் காட்டு, பேரச் சொல்லு, பிள்ளைங்களத் திருப்பிச் சொல்ல வை. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்வது அவருக்கு எளிது. பதினெட்டுப் பிள்ளைகள், முப்பத்தாறு கண்கள். பாய்மேல் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சட்டென்று அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு குரல் வந்தது. மிஸ் சொல்வதைப் போலவே வந்தது.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த பட்டாணி ஒருக்களித்துச் சாய்ந்து, அட்டையின் ஓரமாக என்னை எட்டிப் பார்த்தாள். நான் அட்டையை அந்தப் பக்கம் நகர்த்தினேன். அவள் இந்தப் பக்கம் சாய்ந்தாள். நாலு வயசு. இருப்பதிலேயே சின்னவள் என்பதால் அந்தப் பெயர். விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் கால் வீக்கம் குறைந்ததா? நர்ஸ் படிப்பென்றாலும் வார்டில் நாள் முழுக்க நிற்காதே. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் உனக்குக் கொடுக்கும் பத்து நிமிஷப் போனை அம்மாவே பேசித் தீர்த்துவிடுவதால், எனக்குக் கடிதம்தான்.

உன் தங்கை

ஜூலை 3

ஊமைக்கோட்டானுக்கு அக்கா எழுதுவது,

நானும் என் காலும் நலம். உன் கடிதத்தை அறைத்தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். "பெருக்க வந்தவ மிஸ் ஆயிட்டாளா? நாமளும் விளக்குமாத்த எடுத்திருக்கலாம்" என்று ஒருத்தி சொன்னாள். பத்து மாதம் பாடம் படித்தும் எங்கள் வாயில் ஆங்கிலம் நொண்டுகிறது.

உனக்கு நல்ல காது என்று எனக்கு எப்போதும் தெரியும்.

இங்கே இரண்டு வரியை அடித்திருக்கிறேன். எழுத்துப் பிழை, வேறொன்றுமில்லை.

அம்மாவுக்காகப் படிப்பை விட்டவளுக்கு ஏதோ ஒரு வழியில் வகுப்பறை திரும்பக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். மேடத்திடம் நல்ல பெயர் வாங்கு. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே பார்க்கிற மாதிரி வேறு வேலை கிடைக்காது.

அக்கா

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ அடித்த வரிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

பிள்ளைகள் இப்போது 'இஸ்பூன்' என்று சொல்வதில்லை. பாம்பு மாதிரி முதலில் 'ஸ்' என்று சீறிவிட்டு, மூச்சை விடாமல் 'பூன்' சொல்ல வேண்டும் என்று விளையாட்டாக்கிவிட்டேன். வகுப்பு முழுக்கப் பாம்புகள். அடுத்த அறையிலிருந்து வந்து பார்த்த மேடம், அட்டைக்குப் பின்னால் நான் மறைந்து நிற்பதைக் கவனித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இது நல்லா இருக்கே. முகம் தெரிஞ்சா மூஞ்சியப் பாக்கும், தெரியலன்னா படத்தப் பாக்கும். இனிமே இப்படித்தான்" என்றார். மறுநாள் அட்டைகள் எல்லாம் இரண்டு மடங்கு பெரிதாக வந்தன. என் வெட்கம் பள்ளியின் பாடமுறை ஆகிவிட்டது அக்கா. சேர்க்கைக்கு வருகிற பெற்றோரிடம்கூட இதைப் பெருமையாகச் சொல்கிறார்.

ஆனால் பட்டாணி வாய் திறப்பதில்லை. மிஸ் இருந்தபோது சொல்லிக்கொண்டிருந்தாள், நானே கேட்டிருக்கிறேன். இப்போது எட்டிப் பார்க்கிறாள், பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறாள், பிறகு பாயின் கோரையைப் பிய்க்க ஆரம்பித்துவிடுகிறாள். மேடம் அவளுக்குப் 'பிடிவாதம்' என்று பெயர் வைத்து, அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். பட்டாணியின் அம்மா எதிர்க்கடையில் துணி தைப்பவர். நேற்று பட்டாணிக்குக் கை கழுவிவிட்டபோது உள்ளங்கையில் நேராக ஒரு சிவப்புக் கோடு. ஒரு விரல் அகலம். துணிக்கு அளவு பிடிக்கும் மர ஸ்கேல் அந்த அகலம்தான் இருக்கும்.

நவம்பரில் பெற்றோர் நாள். மேடையில் பத்து வார்த்தை சொல்லாத பிள்ளைக்கு அடுத்த வருஷம் இடமில்லை.

உன் தங்கை

ஆகஸ்ட் 5

ஊமைக்கோட்டானுக்கு,

நலம். நலமா? வேகமாக எழுதுகிறேன், மூன்று மணிக்கு வார்டுக்குப் போக வேண்டும். இந்த மாதம் என்னைக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் குழந்தை எப்போதுமே பேசுவதில்லையா, அட்டை காட்டும்போது மட்டுமா? எந்த வார்த்தை சரியாக வருகிறது, எது வரவில்லை? வீட்டுப் பேச்சு எப்படி? யோசிக்காமல், கேட்டதைக் கேட்டபடி எழுதி அனுப்பு. காரணம் பிறகு சொல்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கேள்விகளைப் படித்ததிலிருந்து அவளையே கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் வாசலில் குந்தி உட்கார்ந்து நான்தான் அவளுக்கு ஷூ கயிறு கட்டிவிடுவேன். அப்போது அவள் முகமும் என் முகமும் நேருக்கு நேர். அந்த நேரத்தில் மட்டும் என்னோடு பேசுகிறாள். 'ஷூ' அழகாகச் சொல்கிறாள். மற்ற பிள்ளைகள் 'பேன்' என்று சொல்லிக்கொண்டிருக்க, இவள் மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து 'ஃபேன்' என்று ஊதுகிறாள். கட்டைவிரலைக் காட்டி 'தம்ப்' சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்கு நடுவில் வெளியே வருகிறது, மிஸ்ஸுக்குக்கூட அப்படி வராது. ஆனால் சாவியைக் காட்டி 'கீ' என்றால் இவள் 'ஈ' என்கிறாள். 'கேட்' என்றால் 'ஏட்'. பந்தை ஒருநாள் 'பால்' என்கிறாள், ஒருநாள் 'மால்' என்கிறாள்.

வீட்டுப் பேச்சில் மழலை இன்னும் போகவில்லை. "அதுதான் அழகு" என்று அவள் அம்மாவே கொஞ்சுவார். கொஞ்சாத நேரத்தில் ஸ்கேல்.

இன்னொன்று. நான் குனிந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டே ஏதாவது கேட்டால், அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்துகிறாள். பிறகுதான் பதில்.

உன் தங்கை

செப்டம்பர் 1

தங்கைக்கு,

உன் கடிதத்தை எங்கள் பிரிவின் சீனியர் நர்ஸிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "வெளிய தெரியுற எழுத்தெல்லாம் வருது, தொண்டைக்குள்ள இருக்குறது மட்டும் வரல. இந்தப் பொண்ணு காதால படிக்கல, கண்ணால படிக்குது" என்றார். சிலருக்குச் சத்தம் கொஞ்சம் விழும், பேச்சு பிரியாதாம். வீட்டில் யாருக்கும் தெரியாமலே வருஷங்கள் ஓடிவிடுமாம். சோதித்துப் பார்க்காமல் யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்றும் சொன்னார்.

நீ ஒரு சின்னக் காரியம் செய்யலாம். அவள் எதிலாவது மூழ்கி இருக்கும்போது பின்னால் நின்று கூப்பிட்டுப் பார். காலால் தரையைத் தட்டாதே, அதிர்வு போய்ச் சேரும். உன் நிழல் அவள் முன்னால் விழக் கூடாது. உறுதியாகத் தெரியும்வரை யாரிடமும் மூச்சு விடாதே.

அம்மாவை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

அக்கா

செப்டம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா மாத்திரை போடுகிறாள். அப்பாவும் ஷிப்ட் முடிந்து நேரத்துக்கு வந்துவிடுகிறார். மற்றதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

முதல் நாள், எல்லோரும் களிமண்ணில் உருட்டிக்கொண்டிருந்தபோது பட்டாணிக்குப் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உடனே திரும்பினாள். அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் உறைத்தது, மற்ற பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்த்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் இவள் திரும்பினாள்.

வியாழக்கிழமை அவள் அம்மா வரத் தாமதம். வகுப்பில் அவளும் நானும் மட்டும். கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். எவர்சில்வர் டம்ளரை எடுத்து ஸ்பூனால் தட்டினேன். எனக்கே காது கூசியது. அவள் ஐந்தாவது கட்டையை நாலாவதன் மேல் வைத்தாள். நான் முன்னால் போய் உட்கார்ந்ததும், "எப்ப வந்தே?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அக்கா, மூன்று மாதமாக அவள் வாயை மூடிவைத்தது நான். என் முகத்தை மறைத்துக்கொண்டு அவளிடமிருந்து வகுப்பையே பிடுங்கிக்கொண்டேன். அந்த ஸ்கேல் அடி என் கணக்கில்தான் சேரும்.

மேடத்திடம் சொன்னேன். எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "நீ டாக்டரா? எட்டாவதக்கூட முடிக்காதவ. பிள்ளைக்குக் காது கேக்கலன்னு ஆயா கண்டுபிடிச்சான்னு வெளிய போச்சுன்னா என் ஸ்கூல் என்னாகும்? கேட்ல பிள்ளையக் கொடு, வாங்கு. பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுனேன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே நின்னுக்கலாம்."

சரி அட்டையையாவது இறக்கிக்கொள்கிறேன் என்றேன். "ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன். ஏத்திப் பிடி."

அவள் அம்மாவிடம் நான் சொல்லட்டுமா? உடனே எழுது. உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

உன் தங்கை

அக்டோபர் 9

அக்கா,

நலம்தானே? என் கடிதம் கிடைத்ததா? அம்மாவிடம் போனில் பேசும்போது நன்றாகத்தான் பேசினாயாம்.

பெற்றோர் நாள் நவம்பர் எட்டு. பட்டாணிக்கு இப்போது இடது கையிலும் கோடு. வகுப்பில் எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

இரண்டு முறை தையற்கடைவரை போனேன். ஒருமுறை படி ஏறி, "நூல் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். கறுப்பு நூல். நமக்கு எதற்கென்று அம்மா கேட்டாள்.

உன் தங்கை

அக்டோபர் 22

அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. தபாலில் தவறவில்லை. பதில் எழுதாமல் இருந்தது நான்தான். தேர்வு என்று சொல்லலாம். தேர்வு மூன்றே நாள்.

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். சொல்லாதே, வேலை போய்விடும், உன்னால் மேடத்தை எதிர்த்து நிற்க முடியாது, அவர்கள் பிள்ளை, அவர்கள் பாடு என்று. படித்துப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. தபால் பெட்டிவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். நீ நூல் வாங்கிய மாதிரி.

வீட்டில் எல்லோரும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ படிப்பை விட்டாய் என்று சொல்கிறோம். நானும் மூன்று வருஷமாகச் சொல்கிறேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தது ஆகஸ்ட் கடைசியில். நீ பள்ளிக்குப் போகாமல் நின்றது ஜூலையில். வயிற்றுவலி, தலைவலி என்று ஒரு மாதம் ஓட்டினாய். அதற்கு முந்தின வாரம் காலைக் கூட்டத்தில் மைக் முன்னால் நின்று ஆங்கிலத்தில் ஏதோ வாசித்தாய், நடுவில் நின்றுபோனாய். பதினோராம் வகுப்பு வரிசையிலிருந்துதான் சிரிப்பு கிளம்பியது. நான் அந்த வரிசையில் நின்றேன்.

நான் சிரிக்கவில்லை என்று எழுதப் பார்த்து மூன்று தாள்களைக் கிழித்தேன்.

உன்னைப் பேசு என்றோ பேசாதே என்றோ சொல்ல எனக்கு வாயில்லை. இந்தச் சீட்டை மட்டும் வைத்துக்கொள். எங்கள் மருத்துவமனையில் குழந்தைகளுக்குக் காது பார்க்கும் நாள், அறை எண், சீனியரின் பெயர் எல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தக் குழந்தை வந்தால் வாசலில் நான் நிற்பேன்.

அக்கா

அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்.

நீ சிரித்தது தெரியும். நூறு பேர் சேர்ந்து சிரித்தாலும் உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அதனால்தான் நடுவில் நின்றேன். அதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இதைப் பற்றி இனி எழுதாதே. கடிதம் மட்டும் நிறுத்தாதே.

தினமும் ஒத்திகை நடக்கிறது. அட்டை என் நெற்றிவரை மறைக்க வேண்டும் என்று மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறார். பட்டாணியைக் கடைசியில் விடச் சொல்லியிருக்கிறார். "சொல்லலன்னா அவங்கம்மாவே கண்ணால பாக்கட்டும். நாம போகச் சொல்ல வேண்டியதில்ல, அவங்களே கூட்டிட்டுப் போயிடுவாங்க."

சீட்டைக் கடைசி அட்டையின் பின்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. பெற்றோரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்பதுதான் உத்தரவு. அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் தங்கை

நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? அம்மா நலம். வேலை இருக்கிறதா என்று கேட்காதே, திங்கட்கிழமைதான் தெரியும்.

கூடத்தில் அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், எல்லாம் நிறைந்துவிட்டன. தையற்காரம்மா மூன்றாவது வரிசை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது, எடுத்து வைக்க மறந்து வந்துவிட்டார் போல. மேடம் ஓரத்தில் மைக்கோடு நின்றார். பதினேழு பிள்ளைகளும் சொல்லி முடித்தார்கள். 'ஸ்பூன்' வந்தபோது கூடமே கைதட்டியது. அட்டைக்குப் பின்னால் இருந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை. கேட்டேன்.

பிறகு பட்டாணி வந்து நின்றாள். முதல் அட்டை மின்விசிறி. நெற்றிவரை தூக்கிப் பிடித்து "ஃபேன்" என்றேன். பதில் இல்லை. இன்னொரு முறை சொன்னேன். நாற்காலிகள் நகரும் சத்தம். யாரோ, "வீட்டுல வாய் கிழியும் போல, இங்க வந்து பாரு" என்றார்கள். சிரிப்பு. அதே மாதிரி சிரிப்பு அக்கா.

அட்டையைக் கழுத்துக்குக் கீழே இறக்கினேன்.

அறுபது முகங்களும் என்னைப் பார்த்தன. நான் பட்டாணியை மட்டும் பார்த்தேன். "ஃபேன்" என்றேன். உடனே "ஃபேன்" என்றாள். 'ஷூ' சொன்னாள். 'தம்ப்' சொன்னாள். மேடம் மைக்கை மூடிக்கொண்டு, "மேல, மேல" என்று பல்லைக் கடித்தார். சொன்னபடி கேட்டேன். அட்டையை மேலே ஏற்றி "சோப்" என்றேன். பட்டாணி பேசாமல் நின்றாள். இறக்கிச் சொன்னேன். "சோப்." ஏற்றினேன், "பாட்டில்" என்றேன். ஒன்றுமில்லை. இறக்கினேன். "பாட்டில்." இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஏற்றினேன், இறக்கினேன். ஒரு பெற்றோரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசி அட்டை சாவி. முகத்தை மறைக்காமல்தான் சொன்னேன். பட்டாணி என் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, "ஈ" என்றாள்.

தையற்காரம்மா எழுந்துவிட்டார். நாடாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ஏம்மா... மூஞ்சிய மறைச்சா இவளுக்கு என்ன ஆகுது?" என்று கேட்டார். மேடத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார். மேடம் மைக்கில், "அடுத்து நம்ம..." என்று ஆரம்பித்தார்.

நான் அட்டையின் பின்பக்கத்திலிருந்து உன் சீட்டைப் பிரித்தெடுத்தேன். பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு, மேடைப் படியிறங்கி மூன்றாவது வரிசைக்கு நடந்தேன்.